பெயரன் சுமக்கும் பெயர்

திருவில்லிபுத்தூருக்கு வடபால், வத்திராயிருப்பை அடுத்து அமைந்த பேரூர் சுந்தரபாண்டியம். அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பெயர்ப்பதிவேட்டைப் புரட்டுவோர், ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் முன்னால் ஓரெழுத்து நிற்கக் காண்பர். அது தந்தை பெயரின் முதலெழுத்து. அதற்குமேல் அப்பெயருக்கு வாலும் இல்லை, கொடுக்கும் இல்லை. இன்னார் மகன் இன்னான், இன்னார் மகள் இன்னாள் என்பதோடு பெயர் முடிந்துவிடுகின்றது. சுந்தரபாண்டியத்திற்கு மட்டும் உரிய வழக்கன்று இது. தமிழ்நாடு முழுவதற்கும் உரியது.

அப்பள்ளியிற் பயின்ற ஒருவன் வளர்ந்து, பட்டம் பெற்று, பிரித்தானியாவிற்குச் செல்ல விண்ணப்பிக்கின்றான் என்று கொள்க. அங்கே அவனை முதலில் எதிர்கொள்வது குளிரும் அன்று, கூதிரும் அன்று, ஒரு படிவம். அதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று அவன்தன் இயற்பெயருக்கு, மற்றொன்று குடும்பப்பெயருக்கு. முதற்கட்டத்தை அவன் தயங்காமல் நிரப்புகின்றான். இரண்டாங் கட்டத்தின்முன் எழுதுகோல் நின்றுவிடுகின்றது. வழிவழியாக மாறாமல் வரும் குடும்பப்பெயர் என்று ஒன்று தமிழனுக்கு இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்கும் அக்கட்டத்தில் தமிழர் எழுதிய விடைகள் மூன்று. சிலர் தம் குலப்பட்டத்தை எழுதினர். பலர் தந்தை பெயரை எழுதினர். வேறு சிலர் தம் ஒற்றைப் பெயரையே குடும்பப்பெயராக எழுதி, இயற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டனர். அவ்வாறு விட்டவர்க்கு, அமெரிக்க நுழைவிசைவில், 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் முதற்பெயராகவே அச்சாகின்றன. பெற்றோர் விரும்பி இட்ட பெயர் இருக்க, பெயரற்றவராக ஒருவர் ஒரு நாட்டினுள் நுழைகின்றார்!

இம்மூன்று விடைகளுள் எது தமிழ்க்கு ஆக்கம், எது கேடு என்பதை ஆராய்தல் இன்று இன்றியமையாததாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுக்கப்பெற்ற 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழைத் தம் முதன்மை மொழியென்று குறித்தவர் ஏறத்தாழ 1,01,000 பேர். 2021-இல் அத்தொகை ஏறத்தாழ 1,25,000 ஆயிற்று. இலண்டனின் ஆரோ, பிரெண்ட், நியூகாம், இரெட்பிரிட்சு, மெர்ட்டன், குராய்டன் ஆகிய பகுதிகளில் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். அவர்தம் மக்கட்கும் மக்களின் மக்கட்கும் இன்று எழுதப்படும் பெயரே நாளை வரலாறாகும்.

குடும்பப்பெயர் இல்லாமை ஒரு குறையோ எனின், அன்று. தமிழர்க்குப் பெயரிடும் முறை ஒன்று மிகப் பழங்காலத்திலேயே செப்பமுற அமைந்திருந்தது. ஊர்ப்பெயர், தந்தை பெயர், தன்பெயர் என்னும் மூன்றே அதன் உறுப்புகள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் கழகப் புலவர் பெயரிலே ஊரும் தந்தையும் தாமும் முறையே நிற்றல் காண்க. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊரோடு சேரியும் சுட்டப்பெறுகின்றது. ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவரும் ஊரோடு சேர்த்தே அறியப்பட்டார். தந்தை பெயரும் மகன் பெயரும் புணருங்கால் எழுத்து எங்ஙனம் திரியும் என்பதற்குத் தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் தனி விதியே வகுத்துள்ளது. கொற்றன் மகனாகிய கொற்றன் கொற்றங்கொற்றன் ஆவான்; சாத்தன் மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். வழக்கு இல்லாமல் விதி பிறவாது. ஆகவே, தந்தை பெயரை முன்னிட்டுத் தன் பெயரைச் சொல்வது ஆங்கிலேயன் கற்பித்த பழக்கமன்று. முதலெழுத்தாகச் சுருக்கிப் புள்ளியிடும் அளவே பிற்காலத்தது.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்துகள், சிறுப்பிட்டி என்னும் ஊரையும் வைரவநாதர் என்னும் தந்தையையும் குறிப்பன. இராசபாளையத்திற்குத் தெற்கேயுள்ள சங்கரன்கோயிலில் 1902-இல் பிறந்த தேவநேயப் பாவாணரின் முன்னெழுத்தாகிய 'ஞா' ஞானமுத்து என்னும் தந்தையைக் குறிப்பது. ஈராயிரம் ஆண்டு இடையிட்டும் முறை மாறவில்லை.

இம்முறைக்குள் வழிவழிப் பெயருக்கும் இடம் இருந்தது. மகனின் மகனைத் தமிழர் 'பேரன்' என்கின்றனர். அது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஒரு தலைமுறை மறைந்து மறுதலைமுறையில் தளிர்க்கும் பெயர், குடும்பத்தை இணைக்கவும் செய்தது. ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயர் உண்டு என்பதை மறுக்கவும் இல்லை.

அண்டையிலேயே வேறொரு முறையும் உண்டு. இராசபாளையத்தில் வாழும் தெலுங்கு வழியினர் வீட்டுப்பெயரை முன்னிட்டு எழுதும் வழக்கினர். 1949 முதல் 1952 வரை சென்னை ஆட்சிக்குத் தலைமை தாங்கிய பூ. ச. குமாரசாமி இராசாவின் முன்னெழுத்துகளுள் முதலாவது 'பூசபாடி' என்னும் வீட்டுப்பெயரைக் குறிப்பது. அது அவர்தம் மரபு. அதனைப் பழித்தல் முறையன்று. ஒரே வட்டாரத்தில் இருவேறு மரபுகள் அடுத்தடுத்து வாழ முடிகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி, முதல் விடையாகிய குலப்பட்டத்தைக் காண்க. பிரித்தானியாவில் வழங்கும் தமிழ்வழிக் குடும்பப்பெயர்களுள் எவரும் எளிதில் அடையாளம் காணத்தக்கது 'பிள்ளை' என்பது. தூய தமிழ்ச்சொல். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதனுள் அதனையும் ஒன்றாக எண்ணுகின்றது. தென்னம்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என இன்றும் நாட்டுப்புறத்தார் வழங்குகின்றனர். மகவைக் குறித்த அச்சொல், அரசர்க்கு மகன்போல் நெருங்கியவரைக் குறிக்கும் சிறப்புப்பெயராயிற்று. பின்னர்க் கணக்குப்பிள்ளை எனத் தொழிலோடு ஒட்டியது. அதன்பின் சில குலங்களின் பட்டமாயிற்று. சேரநாட்டிலும் நாயர் குடியினர் சிலர்க்கு அது பட்டமாக வழங்கியது. அன்பைக் குறித்த சொல் மதிப்பைக் குறித்து, மதிப்பைக் குறித்த சொல் பிறப்பைக் குறித்துவிட்டது. தமிழ்ச்சொல் ஆயினும் அது செய்யும் வேலை தமிழ்ப்பணி அன்று.

அச்சொல் கடல் கடந்த கதை துயரம் மிக்கது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. 1911-இல் அம்முறை நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,52,184 பேர். அவருட் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழிச் சென்றவர். கப்பற் பட்டியலில் அவர்தம் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர் அனைத்தும் எழுதப்பட்டன. ஊரும் தந்தை பெயரும் ஏட்டோடு நின்றன; சாதிப் பட்டமோ பலர்க்குக் குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. ஆங்கில எழுத்தரின் காதிற்கு எட்டியவாறு பிள்ளை 'பில்லே' ஆயிற்று. முதலி 'மூட்லி' ஆயிற்று. படையாட்சி 'படையாச்சி' என்று நிலைத்தது. 1834 முதல் கூலிகள் கொண்டுசெல்லப்பட்ட மொரீசியசிலும் இதே கதைதான்.

அத்தீவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பின்னாளில் பிரித்தானியாவிற்குக் குடிபெயர்ந்தோர் அத்திரிந்த வடிவையே உடன் கொண்டுசென்றனர். தமிழ்நாடு, கேரளம், ஈழம், மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து நேரே சென்றவரோ 'பிள்ளை' என்பதனைத் திரியாத ஒலிக்கு நெருங்கிய வடிவில் எழுதினர். ஆங்கிலத்தில் அதன் இறுதி எழுத்து ஒன்றைக் கொண்டே, ஒருவரின் முன்னோர் எக்கடலைக் கடந்தனர் என்று பெரும்பாலும் உய்த்துணரலாம்.

தர்பனில் பிறந்து வளர்ந்த பெயர்த்திக்கும் பெயரனுக்கும் தமிழ்பேசும் வாய்ப்பே அற்றுப்போயிருக்கலாம். அவர்கள் வாயில் எஞ்சிய ஒரே தமிழ்ச்சொல் அக்குடும்பப்பெயராகவும் இருக்கலாம். அவர்களைப் பழிப்பது அறமன்று. மொழியைப் பறித்தவர் வேறு. பட்டத்தை ஒட்டியவர் வேறு. சுமப்பவர் மட்டுமே அவர்கள். இன்று எழுதப் படிக்கக் கற்று, தன் விருப்பத்தோடு வானூர்தி ஏறிச் செல்லும் தமிழன் நிலை அதுவன்று. அவன் பெயரை எழுதும் எழுதுகோல் அவன் கையிலேயே உள்ளது.

தமிழ்நாட்டிலே அப்பட்டங்கள் தாமாக உதிரவில்லை; வெட்டி எறியப்பட்டன. ஈ. வெ. இராமசாமிப் பெரியார் 1927-இல் தம் பெயரின் பின்னிருந்த 'நாயக்கர்' என்பதனை நீக்கினார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பு இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. அம்மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர் பட்டிவீரன்பட்டிச் சௌந்தரபாண்டியனார். 1931-இல் மூன்றாம் மாநாடு விருதுநகரிலேயே கூடியது. அவ்விருதுநகரிற் பிறந்து நாடாண்டவரைக் குமாரசாமி மகன் காமராசர் என்றே உலகம் அறியும். இத்தகையோர் உழைப்பினாலேயே, இன்று சுந்தரபாண்டியத்துப் பள்ளிப் பதிவேட்டில் பெயர்கள் வாலின்றி நிற்கின்றன. ஈண்டு வெட்டியெறிந்த வாலை இலண்டனில் எடுத்து ஒட்டவைத்துக்கொள்வது, அவ்வுழைப்பு அனைத்தையும் ஒரு படிவத்தின்முன் தோற்பதாகும்.

'பட்டேல் என்னும் ஒரே பெயரால் குசராத்தியர் அந்நாட்டில் பெருமையுற்று விளங்கவில்லையா? தமிழர்க்கும் அத்தகைய பொதுப்பெயர் வேண்டாவா?' என்று கேட்பார் உளர். பட்டேல் என்பது ஊர்த்தலைவன் பதவியைக் குறித்த பெயர். பதவிப்பெயர் குலப்பெயராகி, ஆங்கிலர் ஆட்சியில் ஆப்பிரிக்காவின் கீழைக்கரைக்குச் சென்றது. 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியரைத் தொண்ணூறு நாளில் வெளியேறப் பணித்தபோது, ஏறத்தாழ 28,000 பேர் பிரித்தானியாவை அடைந்தனர். பட்டேல் என்னும் பெயர் அந்நாட்டில் பெருகியதற்கு அதுவும் ஒரு பெருங்காரணம். இலெசுட்டர் நகரிலும் இலண்டனின் வடமேற்கிலும் அப்பெயர் இன்று மிகப் பரவலாக வழங்குகின்றது. அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆயினும், அப்பெயர் குசராத்தியர் அனைவரையும் இணைக்கவில்லை. அவருள் ஒரு பகுதியினரையே இணைத்தது. தமிழர் ஒற்றுமைக்குத் தமிழே போதும். பிறப்பைக் காட்டும் பெயர் ஒருவனைத் தன் குலத்தானோடு சேர்த்து, ஏனைத் தமிழனிடமிருந்து பிரித்துவிடும். சாதி வேற்றுமையைத் தனிச் சட்டச்சொல்லால் தடுப்பதா என்னும் வினா பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே எழுந்து, 2018-இல் அந்நாட்டரசு அதனை வழக்குமன்றத் தீர்ப்புகளிடம் விட்டதை எண்ணுக. சாதி அங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இரண்டாம் விடையாகிய தந்தை பெயர், முதல் விடையினும் நூறுமடங்கு நல்லது. 1983 சூலைப் படுகொலைக்குப் பின் ஈழத்திலிருந்து பிரித்தானியாவிற் புகலடைந்த தமிழருட் பலர் இவ்வழியையே மேற்கொண்டனர். எனினும், இதிலும் ஓர் இடர் உண்டு. முத்துவேல் மகன் இளமாறன் இலண்டன் சென்றால் 'இளமாறன் முத்துவேல்' ஆவான். அலுவலகத்தார் அவனைத் 'திருவாளர் முத்துவேல்' என்று அழைப்பர். சுந்தரபாண்டியத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தைக்கு உரிய பெயரால் மகன் அழைக்கப்படுவான்! அவனுக்கு மகள் பிறக்கின்றாள். கயல்விழி எனப் பெயரிடுகின்றான். தமிழ் முறைப்படி அவள் இ. கயல்விழி. படிவ முறைப்படியோ 'கயல்விழி முத்துவேல்'. தந்தையின் பெயர் அவள் பெயரில் இல்லை. பாட்டன் பெயரே உள்ளது. அவளுக்குப் பின்வருவோரும் அதனையே சுமப்பாராயின், முத்துவேல் என்பது ஓர் ஆளின் பெயராக இருந்த நிலை மாறி, உறைந்துபோன முத்திரை ஆகிவிடும்.

இங்ஙனம் உறைந்த இனம் ஒன்று பிரித்தானியாவிற்குள்ளேயே உள்ளது. வேல்சு மக்கள் முன்னாளில் தமிழரைப் போலவே தந்தை பெயரை உடன்கூறும் வழக்கினர். 'ஆப்' என்னும் அவர்தம் சொல்லுக்கு மகன் என்பது பொருள். இரீசு என்பவரின் மகன் 'ஆப் இரீசு' எனப்பட்டான். 1536-இல் இங்கிலாந்தின் சட்டத்தோடு வேல்சு இணைக்கப்பட்ட பின்னர், அவ்வழக்கு படிப்படியாகத் தேய்ந்தது. ஆப் இரீசு என்பது 'பிரைசு' ஆயிற்று. ஆப் இவெல் என்பது 'பவல்' ஆயிற்று. யோவான் என்னும் பெயரின் வழிவந்த 'சோன்சு' என்பதே இன்று அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர். தந்தையைச் சுட்டிய பெயர்கள், எவரையும் தனித்துச் சுட்டாத பெயர்களாகிவிட்டன.

மற்றொரு நாடோ உறைய மறுத்தது. நான்கு இலக்கம் மக்களும் இல்லாத ஐசுலாந்து, தந்தை பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்னும் சொல்லைச் சேர்த்துக் கூறும் தன் பழைய முறையை இன்றுவரை காத்துவருகின்றது. தாயின் பெயரைச் சேர்ப்பதற்கும் அங்கு இடமுண்டு. புதிய குடும்பப்பெயர் மேற்கொள்வதை 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாடு தடுத்தது. தொலைப்பேசிப் பட்டியலைக்கூட இயற்பெயர் வரிசையிலேயே அமைத்தது. ஒரே வீட்டில் தந்தைக்கும் மகளுக்கும் மகனுக்கும் இறுதிப்பெயர் வெவ்வேறாக இருந்தும், அந்நாட்டு வாழ்க்கை சிறிதும் தடைப்படவில்லை. பன்னூறாயிரம் மடங்கு பெருமைபேசும் தமிழினத்திற்கு அச்சிறு நாட்டின் உறுதி இல்லாமற் போகலாமோ?

இனிச் சட்டம் என்ன கூறுகின்றது என்று காண்க. இங்கிலாந்திலும் வேல்சிலும் குழந்தை பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதிவுசெய்தல் வேண்டும். குழந்தையின் குடும்பப்பெயர் தந்தையின் குடும்பப்பெயராகவே இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் அங்கு இல்லை. பெற்றோர் விரும்பும் பெயரை இடலாம். ஆகவே, கயல்விழியை 'கயல்விழி இளமாறன்' என்று பதிவதற்கு ஆங்கிலச் சட்டம் தடையாக நிற்கவில்லை. தடையாக நிற்பன அறியாமையும் அச்சமும், 'எல்லாரும் எழுதுவதுபோல் எழுதிவிடுவோம்' என்னும் சோம்பலுமே ஆகும். அந்நாற்பத்திரண்டு நாளில் எடுக்கும் முடிவு நானூறு ஆண்டுக்கு நிற்கக்கூடியது என்பதனைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

தந்தைக்கும் மகளுக்கும் இறுதிப்பெயர் வேறுபட்டால், எல்லைக் காவலர் உறவுக்குச் சான்று கேட்பதுண்டு என்பது உண்மையே. பிறப்புச் சான்றிதழின் படி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் அத்தொல்லை தீரும். ஒரு தாளைச் சுமப்பது கடினமென்று ஒரு மரபையே கைவிடுதல் அறிவுடைமை ஆகாது. இருப்பினும், மாறாத ஒரு பெயரே வேண்டும் என்பார்க்கும் வழியுண்டு. முன்னோருள் ஒருவரின் நல்ல தமிழ்ப்பெயரையோ, ஊர்ப்பெயரையோ தேர்ந்து நிலைநிறுத்தலாம். உறையூரும் ஒக்கூரும் புலவர் பெயரில் நின்றன அல்லவோ? எதனை மேற்கொள்ளினும், குலப்பட்டத்தை மட்டும் மேற்கொள்ளற்க.

இனி, பெயரின் மொழியையும் கருதுதல் வேண்டும். தமிழ்நாட்டில் ஒருவருக்கு இட்ட பெயர் வடசொல்லாக இருப்பின், அது பெரும்பாலும் அவரோடும் அவர் மக்களின் முன்னெழுத்தோடும் முடிந்துவிடும். கடல் கடந்தவர்க்கோ அப்பெயரே வழிவழியாக நின்றுவிடும். வேதாசலம் என்று வழங்கியவர் மறைமலை எனத் தம்மை மாற்றிக்கொண்டது தன்பெயர் ஒன்றைத் திருத்தும் அளவில் முடிந்தது. குடும்பப்பெயராக உறைந்துவிட்ட பின்னரோ, ஒரு குடியையே திருத்த வேண்டியதாகும்.

சுந்தரபாண்டியம் என்னும் ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. 1216-இல் முடிசூடிய மாறவர்மனும் 1251-இல் முடிசூடிய சடாவர்மனும் எனச் சுந்தரபாண்டியன் என்னும் பெயர் தாங்கிய பாண்டியர் பலர். 'சுந்தரம்' வடசொல். அதே பொருளில் 'அழகிய பாண்டியன்' என்றும் தமிழர் வழங்கினர். அழகியபாண்டியபுரம் என்னும் பெயருடைய ஊர்கள் தென்பாண்டி நாட்டிலும் குமரி மாவட்டத்திலும் இன்றும் உள்ளன. ஒரே பொருளுக்குத் தமிழ்ச்சொல் கையிலிருக்க, வடசொல்லைப் பெயராக நிலைக்கவிட்டால் அதனைப் பிரித்தெடுக்க எண்ணூறு ஆண்டும் போதா என்பதனை அவ்வூர்ப் பெயர்ப்பலகை நாள்தோறும் உணர்த்துகின்றது. இதற்கு மாறாக, 2024-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஈழத்தமிழ் வழியினரான உமா குமரனின் இறுதிப்பெயர், எக்குலத்தையும் காட்டாமல் தமிழை மட்டுமே காட்டுவது மகிழத்தக்கது.

ஆகவே, செய்யவேண்டுவன தெளிவாக உள்ளன. பிறக்கும் குழந்தைக்குத் தனித்தமிழ்ப் பெயரே இடுக; அப்பெயர் நாளை ஒரு குடியின் பெயராகலாம். முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுதுக. தமிழ்நாட்டரசும் 2021 திசம்பரில் அதற்கு ஆணை பிறப்பித்துள்ளது. தந்தை பெயரோடு தாயின் பெயர் முதலெழுத்தையும் சேர்த்தெழுதும் நல்வழக்கம் பரவுக. ஈன்றவளைப் பெயரிலிருந்து விலக்கிவைக்கும் முறை எதுவும் முழுமையுடையது அன்று. கடவுச்சீட்டுப் பெறுமுன்னரே குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் தமிழ்ப்பெயரை எழுதுக; அதனை வெறுமையாகவும் விடற்க, சாதியால் நிரப்பவும் செய்யற்க. அயல்நாட்டில் பிறக்கும் மகவுக்கு, அம்மகவின் தந்தை அல்லது தாயின் இயற்பெயரையே இறுதிப்பெயராகப் பதிக.

படிவங்கள் மாந்தர்க்காக அமைந்தவை; மாந்தர் படிவங்கட்காகப் பிறந்தவரல்லர். கொற்றன் மகன் கொற்றங்கொற்றனாக நின்ற நாள்முதல் இன்றுவரை தமிழர் தம் பெயரில் இருவரையே சுமந்தனர்: பெற்றவரையும் தம்மையும். மூன்றாவதாகச் சாதியைச் சுமக்கச்செய்ய இடையில் முயன்றனர். அச்சுமை தமிழ் மண்ணில் இறக்கி வைக்கப்பட்டது. இலண்டனிற் பிறக்கும் பெயரன் எதைச் சுமப்பான் என்பதை, சுந்தரபாண்டியத்திலிருந்து புறப்படும் தந்தையே முடிவுசெய்கின்றான். அவன் எழுதப்போவது இரண்டாங் கட்டத்தில் ஒரு சொல். அச்சொல் தமிழாகுக!